அமைதியான தெரு, ஒரு படுக்கையறை, புதுப்பித்து ஆறு மாதம்: ஓர் அடுக்கக வீட்டின் நிகழ்வு ஆய்வு

ஐந்து மாடிக் கட்டடம், மூன்றாம் மாடி, பெருநகரின் பிரதான சாலையை விட்டு உள்ளடங்கிய தெரு. கட்டி ஏறத்தாழ 40 ஆண்டுகள். கான்கிரீட் தூண், உத்தரம், 150 மி.மீ. தளம், இடையில் செங்கல் சுவர். உள்பரப்பு சுமார் 46 சதுர மீட்டர். ஹால் 5.4 × 3.6 மீ., படுக்கையறை 3.6 × 3.3, சமையலறை 2.7 × 2.1, குளியலறை 2.1 × 1.5, ஒரு குறுகிய நடை, சிறு பால்கனி. இவ்வகை வீடுகளில் அடிக்கடி எதிர்ப்படும் நிலைமைகளை ஒரே வீட்டின் அளவுகளுக்குள் வைத்து எழுதப்பட்ட ஆய்வு இது. தனி ஒருவருடைய வீட்டைச் சுட்டவில்லை.

புதுப்பித்தலில் நடந்தவை: ஹாலிலும் படுக்கையறையிலும் கம்பளத்தை எடுத்துவிட்டு 600 × 1200 மி.மீ. டைல், குளியலறையை முழுக்க இடித்துப் புதிதாகக் கட்டியது, சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த தடுப்புச் சுவரை எடுத்தது, பழைய ஜன்னல்களின் இடத்தில் இறுக்கமாக மூடும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள், படுக்கையறையில் ஃபால்ஸ் சீலிங், வெளிச்சுவரை ஒட்டி அலமாரி. வேலை முடிந்த அன்று பார்த்தவர்களுக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

ஆறு மாதத்தில் வந்தவை: கீழ் வீட்டுக் குளியலறைக் கூரையில் ஈர வட்டம், நடந்தால் கீழே கேட்கிறது என்ற முறையீடு, படுக்கையறைக்குள் பக்கத்து வீட்டுப் பேச்சு, ஹாலில் இரண்டு வரிசை டைல் கிளம்பியது, சமையல் நேரத்தில் பிரேக்கர் விழுந்தது, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை.

டைல் நல்ல டைல்தான், ஜன்னலும் நல்ல ஜன்னல்தான். கோளாறு வேறு இடத்தில். பழைய பொருள் ஒவ்வொன்றும் யாரும் கேட்காமலே ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது: கம்பளம் காலடி ஓசையை விழுங்கியது, இடுக்கு விட்ட ஜன்னல் ஈரக் காற்றை வெளியேற்றியது, குறைவான மின்சாதனங்கள் பழைய வயரைக் காப்பாற்றின. அவற்றை எடுத்தபோது அந்த வேலையை இனி எது பார்க்கும் என்று யாரும் கேட்கவில்லை. குளியலறை மட்டும் விதிவிலக்கு. அங்கே நடந்தது, மூடுவதற்கு முன் சோதிக்காதது.

குளியலறை

கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் கண்டதும் டைலை உடைக்கத் தொடங்கக் கூடாது. ஈரம் எப்போது பெருகுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். வீடு பூட்டிக் கிடக்கும் நாளிலும் ஒரே சீராக வளர்ந்தால் சந்தேகம் அழுத்தத்தில் இருக்கும் நீர்க்குழாய் மீது. குளித்த சில மணி நேரத்தில் கூடி, யாரும் இல்லாத இரண்டு நாளில் சுருங்கினால் கழிவுக் குழாய் அல்லது தரை. இவ்விரண்டையும் பிரிக்க ஒரு வழி: ரப்பர் குழாயைக் கழிவுநீர் வாய்க்குள் செருகி, தரை நனையாமல் 20 நிமிடம் தண்ணீர் விடுவது. கீழே மாற்றம் இல்லையென்றால் வாயை அடைப்பானால் அடைத்து, 25 மி.மீ. தண்ணீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விட வேண்டும். கீழ் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய சோதனை இது. இந்த வீட்டில் முதல் சோதனையில் எதுவும் இல்லை. இரண்டாவதில் வட்டம் பெரிதானது. ஆக, தரைதான்.

வாசல் ஓரத்து டைலையும் ஷவர் மூலை டைலையும் எடுத்துப் பார்த்ததில் நான்கு தவறுகள் சேர்ந்திருந்தன. நீர்க்காப்புப் பூச்சு சுவரில் 50 மி.மீ. மட்டுமே ஏறியிருந்தது. வாசற்கட்டையில் அது தடுப்பில்லாமல் நின்றுவிட்டது. தளத்தைத் துளைத்துப் போகும் குழாயைச் சுற்றிச் சாதாரணச் சிமெண்ட் கலவை அடைத்திருந்தார்கள். அது சுருங்கி மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. ஷவர் மூலையிலிருந்து கழிவுநீர் வாய் வரை 1.6 மீட்டர் தூரத்துக்கு வாட்டம் (தரையின் சரிவு) வெறும் 6 மி.மீ.; 80-க்கு 1 என்று கொண்டால் 20 மி.மீ. இருந்திருக்க வேண்டும்.

டைலும் கிரவுட்டும் (டைல் இடுக்கை நிரப்பும் கலவை) தண்ணீரைத் தடுப்பவை என்று நம்புவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. சிமெண்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் அடியிலுள்ள ஸ்க்ரீடில் (தளத்தின் மேல் போடும் சிமெண்ட் கலவைப் படலம்) தங்கி, வாட்டம் குறைந்தால் நாள்கணக்கில் அங்கேயே நின்று, எங்கே துளை இருக்கிறதோ அங்கே இறங்கும். தடுப்பது பூச்சு ஒன்றுதான்.

திருப்பிச் செய்யும்போது பூச்சு போக வேண்டிய பரப்பு: தரை 3.15 சதுர மீட்டர். ஷவரின் இரு சுவர்கள் 1.8 மீ. உயரத்துக்கு 3.8, வாசல் நீங்கலாக மீதிச் சுவர்களில் 150 மி.மீ. ஏற்றத்துக்கு 0.7. மொத்தம் 7.6 சதுர மீட்டர் அளவில் வரும். பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு 2 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 முதல் 3.5 கிலோ பிடிக்கும் என்பதால் 27 கிலோ வேண்டும். 30 கிலோ வாங்குவது பாதுகாப்பு. பையில் அச்சிட்ட அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். வேலை முடிந்தபின் பாதிப் பை மிஞ்சியிருந்தால் பூச்சு மெல்லியதாகப் போயிருக்கிறது என்று பொருள்.

இத்தகைய சிறு குளியலறைக்கு எங்கள் பரிந்துரை, வாட்டம் பிடித்த ஸ்க்ரீடை முதலில் போட்டுவிட்டு அதன் மேல், டைலுக்கு நேர் கீழே பூச்சு அடிப்பது. பூச்சு ஸ்க்ரீடுக்கு அடியில் இருந்தால் வீடு கசியாவிட்டாலும் ஸ்க்ரீட் ஊறிக்கொண்டே இருக்கும், நாற்றம் போகாது. குழாயைச் சுற்றி 15 மி.மீ. ஆழத்துக்குக் கொத்தியெடுத்துச் சுருங்காத கலவையால் நிரப்ப வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் 20 மி.மீ. அளவுக்கு உருட்டிவிட வேண்டும். கூர் மூலையில் பூச்சு மெலிந்து கிழியும். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மூலைகளிலும் குழாய் ஓரத்திலும் வலைநாடாவைப் பதிக்க வேண்டும். இரண்டாம் பூச்சு முதலாவதற்குக் குறுக்குத் திசையில். வாசற்கட்டையில் ஒரு உலோகக் கோணத்தை நீர்புகாப் பசையில் பதித்து, பூச்சை அதன் மேல் ஏற்றி முடிக்க வேண்டும். மிகவும் பலவீனமான இடம் கழிவுநீர் வாய்தான்: பூச்சு அதன் விளிம்புத் தட்டின் மேல் ஏறி ஒட்டாமல் அருகே வந்து நின்றுவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

பை சொல்லும் நாள்கள் ஆறவிட்டு மீண்டும் 24 மணி நேரத் தேக்கச் சோதனை. மட்டக் குறி தெரியும்படி தொடக்கத்திலும் முடிவிலும் படம் எடுத்து வைக்க வேண்டும். டைல் ஒட்டிய பிறகு தேக்குகிறேன் என்று மேஸ்திரி சொன்னால் ஏற்கக் கூடாது. தோற்றால் இடிக்க வேண்டியது இரு மடங்கு. நீர்க்குழாய்களும் இப்படித்தான்: சுவரை மூடுமுன் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் சோதித்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

குளியலறை நாற்றத்துக்குப் பெரும்பாலும் இன்னும் எளிய காரணம் உண்டு. கழிவுநீர் வாயின் டிராப்பில் (தண்ணீர் தங்கும் குழாய் வளைவு) 50 மி.மீ. தண்ணீர் நின்றால்தான் குழாயின் காற்று உள்ளே வராது. புதுப்பித்த பின் ஷவர் ஒரு மூலைக்குப் போய்விட்டால் பழைய தரை டிராப்புக்குத் தண்ணீரே போகாது, வற்றிவிடும். வாரம் ஒரு குவளை ஊற்றினால் போதும்.

ஓசை

அமைதியான இடத்தில் வீடு எடுத்தவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். நெரிசலான சாலையோர வீட்டில் வண்டிகளின் இரைச்சல் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியை மூடிவிடும். உள்ளடங்கிய தெருவில் அந்தப் போர்வை இல்லை. தொடர்ந்த ஓசைக்குப் படுக்கையறையில் இரவில் 30 டெசிபல், திடீர் ஓசைக்கு 45 டெசிபல் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. இறுக்கமான புது ஜன்னல்கள் தெருவின் ஓசையை இன்னும் கீழே இறக்கிவிடும். இறக்கியதும் கட்டடத்துக்குள்ளேயே பிறக்கும் ஓசைகள் மேலே வரும். பக்கத்து வீட்டார் முன்னைவிடச் சத்தமாகப் பேசவில்லை. கேட்பவரின் அறை அமைதியாகிவிட்டது.

காலடி ஓசை வேறு, பேச்சு வேறு. 150 மி.மீ. கான்கிரீட் தளம் பேச்சை நன்றாகவே தடுக்கும். ஆனால் குதிகால் இடிப்பதும் நாற்காலி இழுபடுவதும் தளத்தையே அதிரவைத்துக் கீழ் வீட்டுக் கூரையை ஒலிபெருக்கிபோல ஆக்கிவிடும். கம்பளம் அந்த அடியைப் பிறக்கும் இடத்திலேயே மெத்தென்று வாங்கிக்கொண்டது. டைலை நேராகத் தளத்தில் ஒட்டியதும் இடையில் மெத்தை ஏதும் இல்லை.

டைலை எடுக்க மனமில்லாதவருக்குக் கனத்த அடிவிரிப்போடு கூடிய கம்பளம் நடக்கும் பாதையில், நாற்காலிக் கால்களில் ஃபெல்ட். இது அரைத் தீர்வுதான் என்றாலும் கீழ் வீட்டாருக்கு உடனே தெரியும் மாற்றம். முழுத் தீர்வு, டைலுக்கு அடியில் நெகிழ்வான ஒலித்தடுப்பு விரிப்பு. 50 மி.மீ. மிதக்கும் ஸ்க்ரீட் (தளத்தைத் தொடாமல் மெத்தென்ற விரிப்பின் மேல் போடுவது) இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆனால் அது சதுர மீட்டருக்கு 105 கிலோ ஏற்றும், 10 மி.மீ. டைல் மேலும் 24 கிலோ. வீடுகளின் தளம் பல நாடுகளில் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு புழக்கச் சுமைக்கே வடிவமைக்கப்படுகிறது. 40 ஆண்டு பழைய தளத்தில் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் இந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. எனவே இந்த வீட்டுக்கு 5 மி.மீ. ரப்பர் விரிப்பைப் பசையால் ஒட்டி அதன் மேல் டைல் என்பதே பொருத்தம்.

விரிப்பைவிட முக்கியம் ஓரம். சுவரைச் சுற்றிலும் 6 முதல் 8 மி.மீ. நுரைப்பட்டை வைத்து, டைலோ பசையோ கிரவுட்டோ சுவரைத் தொடாமல் நிறுத்த வேண்டும். ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) தரையில் உட்காரக் கூடாது, 2 மி.மீ. விட்டு நெகிழும் சீலண்டால் மூட வேண்டும். ஓரத்தில் கெட்டியான ஒரு கட்டிப் பசை போதும், அதிர்வு அதன் வழியே சுவருக்கு ஏறிக் கீழே இறங்கிவிடும். கீழ் வீட்டார் தங்கள் செலவில் கூரையை மூடினாலும் சுவர் வழியாக வரும் பங்கு நிற்காது என்பதால் மருந்தை மேலே போடுவதுதான் முறை.

பேச்சு கேட்பதற்குச் சுவரின் கனக்குறைவு காரணமாவது அரிது, துளைதான் பெரும்பாலும். படுக்கையறையின் பொதுச் சுவர் 3.6 × 2.7 மீ., அதாவது 9.7 சதுர மீட்டர். அது 50 டெசிபல் தடுக்கக்கூடிய சுவர் என்று கொள்வோம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சுமார் 97 சதுர சென்டிமீட்டர், நேரே துளையாகத் திறந்திருந்தால் தடுப்பு 30 டெசிபலுக்கு விழும். ஒரு சுவிட்ச் பெட்டியின் முகப்பளவு அவ்வளவுதான். இந்த வீட்டில் இரு பக்கத்துப் பெட்டிகளும் முதுகோடு முதுகாக இருந்தன, நடுவில் செங்கல் மிஞ்சவில்லை. கூடவே, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சுவர் பூசப்படாமல் விடப்பட்டிருந்தது. பூசாத செங்கல் சுவரின் சந்துகள் காற்றை விடும். காற்று போகும் வழியெல்லாம் பேச்சும் போகும்.

கண்டுபிடிக்க, பக்கத்து வீட்டில் வானொலியை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து இரையவிட்டு, இந்தப் பக்கம் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துச் சுவிட்சு, சுவர் ஓரம், சீலிங் கோடு என்று நகர்த்திக் கேட்க வேண்டும். பெட்டியை எடுத்து, குழியைக் கலவையால் நிரப்பி, புதுப் பெட்டியை 300 மி.மீ.க்கு மேல் தள்ளி வைத்தார்கள் என்றால் பெரும்பகுதி தீர்ந்தது. சீலிங்கின் ஒரு பகுதியைத் திறந்து, மேல் சுவரைத் தளம் வரை பூச வேண்டும். சுவரில் நுரைப்பலகை ஒட்டுவது பணத்தை வீணாக்கும். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும்; அடுத்த வீட்டிலிருந்து வருவதை நிறுத்தாது.

கிளம்பிய டைல்

நாணயத்தாலோ மரக் கைப்பிடியாலோ தட்டிக்கொண்டே போனால் பொக்கை இருக்கும் இடம் காதுக்கே தெரியும். எடுத்த டைலின் முதுகில் பசை ஐந்து உருண்டைகளாக இருந்தது. உலர்ந்த இடத்தில் குறைந்தது 80 சதவீதம், ஈரமான இடத்தில் 95 சதவீதம் பசை பிடித்திருக்க வேண்டும். ஹால் 5.4 மீட்டர் நீளம்; வெப்பத்தில் டைல் விரிய, சுவரோரம் இடைவெளி இல்லாததால் இரு வரிசைகள் கூரைபோல எழுந்துவிட்டன. ஓசைக்காகச் சொன்ன அதே ஓரப் பட்டை இதையும் தடுத்திருக்கும்.

இவ்வளவு பெரிய டைலுக்கு 3 மீட்டர் மட்டப்பலகைக்கு அடியில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருக்கக் கூடாது. 10 முதல் 12 மி.மீ. பல் கரணையால் பசையை ஒரே திசையில் சீவி, டைல் முதுகிலும் மெல்லப் பூசி, வைத்து அழுத்த வேண்டும். முதல் மூன்று டைலில் ஒன்றைக் கையோடு கிளப்பிப் பார்த்தால் பசை பிடித்த விதம் தெரிந்துவிடும். புது ஸ்க்ரீட் 50 மி.மீ. வரை நாளைக்கு 1 மி.மீ. கணக்கில்தான் உலரும், அதற்கு முன் ஒட்டினால் பசைக்குப் பிடிப்பு வராது. ஹாலுக்கு 27 டைல். வெட்டுச் சேதம் சேர்த்து 30. அதே தொகுதியில் இன்னும் ஐந்தை எடுத்து வைத்தால்தான் பின்னால் பழுது பார்க்க நிறம் பொருந்தும்.

பிரேக்கரும் பூஞ்சையும்

230 வோல்ட் வீட்டில் 2.2 கிலோவாட் அவனும், 2 கிலோவாட் கெட்டிலும், 2 கிலோவாட் பாத்திரம் கழுவும் எந்திரமும் ஒன்றாக ஓடினால் 27 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மி.மீ. வயரும் 20 ஆம்பியர் பிரேக்கரும் உள்ள ஒற்றை இணைப்பில் இது விழத்தான் வேண்டும். பிரேக்கரை 32 ஆக மாற்றித் தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடக் கூடாது. பிறகு சூடேறுவது சுவருக்குள் இருக்கும் வயர். பெரிய சாதனம் ஒவ்வொன்றுக்கும் மின்பலகையிலிருந்து தனி வயர், எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான். தடுப்புச் சுவரை எடுத்தபோது அதிலிருந்த வயர்களை வெட்டி ஒட்டிப் பூச்சுக்குள் புதைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். இணைப்பு இருக்கும் பெட்டி திறக்க முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் 500 வோல்ட்டில் வயர் மேலுறையின் காப்புச் சோதனை. 1 மெகாஓமுக்குக் குறைந்தால் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

பூஞ்சையின் கணக்கு எளிது. அறை 22 பாகை, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 14 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் அரும்பும். அலமாரி மறைத்த வெளிச்சுவருக்கு அறையின் சூடு போய்ச் சேராது. பழைய ஜன்னல் இடுக்கில் வெளியேறிய ஈரமும் இப்போது உள்ளேயே நிற்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி, அடியிலும் மேலும் காற்றுத் துளை விட வேண்டும். குளித்த பின் காற்றாடி 20 நிமிடம் ஓட வேண்டும், சமையல் புகைபோக்கியின் குழாய் வெளியே போய்த் திறக்க வேண்டும்.

இத்தகைய வீட்டை வாங்கப் போகிறவருக்கு

கேட்க வேண்டிய காகிதங்கள்: சுவர் எடுத்ததற்குப் பொறியாளர் கையெழுத்து, அடுக்ககச் சங்கத்தின் அனுமதி, தேக்கச் சோதனைப் படங்கள், மூடுமுன் அளவுநாடா வைத்து எடுத்த குழாய், வயர்ப் படங்கள். இல்லையென்றால் குளியலறையைச் சோதிக்கப்படாதது என்று வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும். கீழ் வீட்டுக் கதவைத் தட்டி அவர்கள் குளியலறைக் கூரையைப் பார்க்க அனுமதி கேட்பது எந்தக் காகிதத்தையும்விடச் சிறந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஷவர் மூலையில் ஊற்றி, வடிந்த பின் எங்கே குட்டை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடிக்க வேண்டும்.

ஓசைக்கு மட்டும் பகலில் போய்ப் பயனில்லை. இரவு பத்தரை மணிக்குப் போய், மெயினை அணைத்து, குளிர்பதனப் பெட்டியும் நின்றபின் படுக்கையறைக் கதவை மூடிக் கால் மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். மாடி வீட்டில் யாராவது ஒருமுறை கழிப்பறைத் தண்ணீர் திறக்கும் வரையாவது காத்திருப்பது நல்லது. பொதுக் கழிவுக் குழாய் எந்தச் சுவருக்குள் இறங்குகிறது, அதைக் கனமான ஒலித்தடுப்பு உறையால் சுற்றியிருக்கிறார்களா, அல்லது வெறும் ஜிப்சம் பலகையால் மறைத்திருக்கிறார்களா என்பது அந்த ஒரு இறைப்பில் தெரிந்துவிடும்.